யாயாவைப் போகியில் போட்டது பாட்டி இல்லை

கண்ணம்மா,

நாளை போகி. பாட்டி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதனால் இந்தப் பொங்கலுக்கு நம் வீட்டில் எதுவும் கிடையாது. எட்டு வருஷமாகத் தள்ளிப்போட்டதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உன் யானைப் பொம்மை யாயாவைத் தீயில் போட்டது நான்.

உன்னைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'பேத்தி பொம்மையைக் கொளுத்திய பாட்டி' என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் சொல்லிச் சிரித்தார்களே, அவர்களும் படிக்கட்டும். பாட்டியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் பரிமாற எழுந்து போய்விடுவேன்.

2018 ஜனவரி 13. விடிகாலை ஐந்து மணி இருக்கும். பல்லாவரமே புகைக்குள் கிடந்தது. அன்று அந்தப் புகைமூட்டத்தால் சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். நம் மாடிக்கு மேலே வழக்கமாகக் கேட்கிற விமானச் சத்தமே இல்லை. யாயாவின் தும்பிக்கையைத் தூக்கி டாட்டா காட்டவைப்பாயே, அந்தச் சத்தம். உன் கைக்குள்ளிருந்து அதை மெல்ல உருவினேன். நீ சப்பிச் சப்பி நூல்நூலாகிப்போன இடது காது உன் உதட்டில் ஒட்டியிருந்தது. அதையும் பிரித்தெடுத்தேன். கிழிந்த கோரைப்பாய்க்குள் வைத்துச் சுருட்டினேன். பாட்டி பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

பாய் சட்டென்று பற்றிக்கொண்டது. யாயா பற்றவில்லை. பாலியெஸ்டர் துணி எரிவதற்கு முன்னால் சுருங்கி உருகும். தும்பிக்கை உள்பக்கமாக மடங்கிக்கொண்டது, அப்புறம் கறுப்பாகச் சொட்டியது. அந்த நேரம் பார்த்து மேளச் சத்தத்தில் நீ எழுந்து வந்தாய். பாட்டி குச்சியால் பழைய முறத்தை அதன்மேல் தள்ளி மறைத்தார். "யாயா எங்க?" என்று நீ கேட்டது என்னைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "பழசாயிடுச்சுன்னு நான்தான் கண்ணு போட்டுட்டேன்" என்றார்.

வாயைத் திறப்பதற்குள் என்று எழுதியது பொய். நான் திறந்திருக்கவே மாட்டேன்.

உனக்கு வீசிங். அந்த மார்கழியில் மட்டும் மூன்று முறை நெபுலைசர் வைக்க ராத்திரியில் ஓடினோம். பஞ்சுப் பொம்மைகளில் தூசிப்பூச்சி சேரும், எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் துவைத்துக் காயப்போட்டிருந்தால் போதும் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு நம் ஃப்ரீசரில் ஒரு பட்டாணிப் பாக்கெட்தான் இருந்தது.

வீசிங் மட்டுமே காரணம் என்றால் இத்தனை நாள் மறைத்திருக்கவும் மாட்டேன். நீ பிறந்தபோது பிரசவ விடுப்பு 12 வாரம். அதை 26 வாரமாக்கிய சட்டம் 2017-இல்தான் வந்தது. பால் கட்டிய வலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். என் இடத்தில் உன் பக்கத்தில் படுத்தது அந்த யானை. நீ முதலில் சொன்ன வார்த்தையும் யாயாதான். சாயங்காலம் வந்து தூக்கினால் அதை நமக்கு நடுவில் வைத்துக்கொள்வாய். பாட்டியிடம் ஆறு மாதம் பேசாமல் இருந்தாய், என்னிடம் ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளக்கூட நான் உனக்கு வேண்டாமா? அந்த வருஷங்களில் இந்த வீட்டில் யார் எனக்குத் துணையாக இருந்தார்கள், யார் இல்லை என்பதை இங்கே எழுதமாட்டேன். உன் அப்பாவுக்குத் தெரியும்.

டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951-இலேயே இந்த மாதிரிப் பொருள்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாண்டிவர குழந்தை தானே கண்டெடுத்துக்கொள்கிற துணை அது. அழுக்கேறி நாறினாலும் அம்மா அதைத் துவைக்காமல் விடுவாள், துவைத்தால் குழந்தைக்கு ஏதோ அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும் என்கிறார். வளர வளர அது தானாக மங்கிவிடுமாம். குழந்தை அதை மறப்பதும் இல்லை, அதற்காக அழுவதும் இல்லை. படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். நான் இல்லாத இடத்தில் நீ வைத்திருந்ததை நானே கொளுத்தியிருக்கிறேன். அது மங்குகிற வரைக்கும் உன்னிடம் விட்டிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

பாட்டி தன் சுங்குடிச் சேலையைக் கிழித்து, இலவம்பஞ்சு அடைத்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒரு யானை தைத்தார். நீ அதைக் கட்டிலுக்கடியில் வீசினாய். கடைசிவரை அதை முழங்காலுக்கு அண்டை கொடுத்துத்தான் தூங்கினார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, "அத்தை, அவகிட்ட சொல்லிடறேன்" என்றேன். "எதுக்குடி? நான் போயிடுவேன். நீ அவகூட இருக்கணும்ல" என்றார்.

சேலை யானை பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. பாட்டி படத்துக்கு நீ இதுவரை ஒரு நாளும் பூ வைக்கவில்லை, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாளைக் காலை தெருவில் மேளம் கேட்பதற்கு முன்பே எழுந்திருப்பேன். சண்டை போட வேண்டுமென்றால் நேராக என்னிடம் வா.

அம்மா