பிடித்த பணத்தில் உன் பங்கு

அன்புள்ள மீனாவுக்கு,

கடிதமும், நீங்கள் கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வரும் ரீஃபண்டில் பணம் பிடித்துக்கொண்டதாகச் சொல்லும் நோட்டீஸின் நகலும் கிடைத்தன. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். கோபம் நியாயமானதுதான், ஆள்தான் மாறிவிட்டது.

ரீஃபண்டில் கைவைத்தது நிதித்துறையின் கீழுள்ள ஃபிஸ்கல் சர்வீஸ் என்னும் அலுவலகம். கடன் பாக்கி வைத்தவர்களின் பட்டியலை மத்திய அரசுத் துறைகளும் மாநிலங்களும் அங்கே கொடுத்து வைத்திருக்கும். குழந்தைப் பராமரிப்புத் தொகை, மாநில வருமான வரி, மத்திய அரசுக் கடன் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் பணம் கிளம்பும்போது பட்டியலில் பெயர் இருந்தால், கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புவார்கள். கிரெடிட் கார்டு நிறுவனங்களுக்கு இந்த வசதி இல்லை. அந்த மட்டும் நிம்மதி.

நோட்டீஸை நிதானமாகப் படி. முழு ரீஃபண்ட் எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, எந்த அலுவலகத்துக்குப் போனது, அதன் தொலைபேசி எண் எல்லாம் இருக்கின்றன. பணம் போயிருப்பது உன் கணவர் திருமணத்துக்கு முன் வேலை பார்த்த மாநிலத்துக்கு. வேலை கிடைத்த பிறகும் சம்பளத்தைச் சொல்லாமல் சில வாரம் வேலையின்மை உதவித்தொகை வாங்கியிருக்கிறார். தொகை தவறு என்றால் அவர் அந்த அலுவலகத்தோடுதான் பேச வேண்டும். முழு ரீஃபண்ட் தொகையே நீங்கள் தாக்கல் செய்த கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் மட்டுமே ஐ.ஆர்.எஸ்.ஸைக் கூப்பிட வேண்டும்.

இப்போது உன் பணம். கூட்டாகத் தாக்கல் செய்தாலும் அவருடைய பழைய கடனுக்கு நீ பொறுப்பில்லை. அதற்கென்றே 8379 என்ற படிவம் இருக்கிறது. சம்பளம், பிடித்த வரி, கழிவுகள் எல்லாவற்றையும் உன்னுடையது, அவருடையது என்று பிரித்து எழுத வேண்டும். உன் பங்கை ஐ.ஆர்.எஸ். கணக்கிட்டுத் திருப்பித் தரும். தாக்கல் முடிந்துவிட்டதால் படிவத்தைத் தனியாக அனுப்பினால் போதும். சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி அலுவலகம் தரும் டபிள்யூ-2 படிவத்தின் நகல்களை, இருவருடையதையும், இணைத்துவிடு. பெயர்களைக் கூட்டு வரிக் கணக்கில் இருந்த அதே வரிசையில் எழுது, உன் பெயரை முதலில் போடும் ஆசை வேண்டாம். தனியாக அனுப்பினால் சுமார் 8 வாரம் ஆகும்.

8857 என்றொரு படிவமும் உண்டு. கணவர் வருமானத்தை மறைத்ததால் கூடுதல் வரி மனைவி தலையில் விழும்போது கேட்பது அது. நூலகத்தில் வரிப் படிவம் நிரப்ப உதவப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதை நிரப்பிக்கொண்டு வந்து நிற்பார். நீ அதைத் தொடாதே.

நியூ ஜெர்சியில் இருப்பதால் உன் கணக்கு எளிது. இங்கே டெக்சாஸில் திருமணத்துக்குப் பின் வரும் சம்பளம் சட்டப்படி இருவருக்கும் பொது என்பதால், பங்கு பிரிக்கும் விதியே வேறு.

கடன் தீரும்வரை அடுத்த ஆண்டும் பிடிப்பார்கள், படிவத்தையும் மறுபடி போட வேண்டியிருக்கும். அதனால் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை முடிவு செய்யும் டபிள்யூ-4 படிவத்தை உன் அலுவலகத்தில் மாற்றி, தேவைக்கு மேல் வரி பிடிக்காமல் பார்த்துக்கொள். பெரிய ரீஃபண்ட் வருவதைச் சேமிப்பு என்று நினைக்கும் உன் பழக்கம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

மகள் எந்தப் பாடம் எடுக்கிறாள் என்று எழுது.

அன்புடன்,
செல்வி