ஆண்டறிக்கை: ராசல்கெத்தி நோக்கல் பணி

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டக் குறிப்புகள் உங்கள் கையில் உள்ளன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நமது தொடர் பணியான ராசல்கெத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹெர்குலிஸ் விண்மீன் குழுவிலுள்ள இந்த விண்மீன் இரட்டையும்கூட, ஒளி மாறுவதும்கூட. இரண்டில் பெரியதான செம்பெருமீனின் ஒளித்தரம் (எண் குறைந்தால் ஒளி கூடுதல்) 2.7க்கும் 4.0க்கும் இடையே ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். வில்லியம் ஹெர்ஷல் 1795இல் இதைக் கவனித்தார். துணைமீன் 5.4, சுமார் 4.7 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) தள்ளி நிற்கிறது.

நமது ஊரான மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இது உச்சிக்குச் சுமார் 10 பாகை வடக்கே கடக்கும். அவ்வளவு உயரத்தில் காற்றால் வரும் மங்கல் குறைவு என்றாலும், நமது எளிய தாங்கியில் 114 மி.மீ. ஆடித் தொலைநோக்கியைத் தலைக்கு நேரே திருப்புவது பெரும்பாடு. ஆகஸ்ட் நடுவில் இரவு 9 மணியளவில் உச்சம், 10.30க்கு மேல் பார்த்தால் கழுத்தும் பிழைக்கும். துருவ அச்சுள்ள, அதாவது வான்துருவத்தை நோக்கிய அச்சில் சுழலும் தாங்கியைப் பலர் கேட்டீர்கள். இங்கே அந்த அச்சை 5 பாகைக்குத் தாழ்த்த வேண்டும். பல தாங்கிகள் அவ்வளவு தாழா, தாழ்ந்தாலும் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும்.

குவியத்தொலைவு 900 மி.மீ. என்பதால் 25 மி.மீ. கண்வில்லை 36 மடங்கு தரும். இடம் பிடிக்க அது போதும். இரு மீன்களையும் பிரித்துப் பார்க்க 6 மி.மீ., அதாவது 150 மடங்கு வேண்டும். குழலை அசைக்காமல் விட்டால் பெரியது முன்னே ஓட, சிறியது பின்தொடரும். துணைமீன் கிழக்கில் இருப்பதால் உருவம் தலைகீழானாலும் இந்த வரிசை மாறாது. ஒளிவால் ஒன்றைத் துணைமீன் என்று எண்ணிவிடக் கூடாது. 5 பாகை கிழக்கிலுள்ள ராசல்ஹேக் என்ற விண்மீனிலும் அதே வால் தெரிந்தால் ஆடி நேராக இல்லை என்று பொருள். துணைமீனைப் பச்சை என்று எழுதுகிறோம்; அது செம்மைக்குப் பக்கத்தில் கண் காட்டும் மயக்கம். எழுதுங்கள், தவறில்லை, ஆனால் அதை அளவீடாக எண்ண வேண்டாம்.

ஒளியை வெறுங்கண்ணால் மதிப்பிடுகிறோம். ஒப்பிடும் மீன்கள்: பீட்டா ஹெர்குலிஸ் 2.8, கப்பா ஒபியூக்கஸ் 3.2. இவற்றுக்கிடையே கால் பங்கு இறங்கியிருந்தால் 2.9. செம்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியும். எனவே மாறி மாறிச் சட்டென்று பார்க்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் துணைமீனின் ஒளியும் சேர்ந்துவிடும்: 3.1 உள்ள பெருமீன் ஏறத்தாழ 3.0 ஆகத் தோன்றும். ஆகவே பதிவில் 'கூட்டொளி' என்று குறிக்கவும். வாரம் ஒருமுறை போதும்; தினமும் எழுதினால் நேற்றைய எண்ணே கைக்கு வரும்.

புகைமூட்டம் லேசாக இருந்து காற்றும் அசையாத இரவு, பிரித்துப் பார்க்க அருமையானது. ஒளி மதிப்பீட்டுக்கு ஆகாது, ஏனென்றால் புகை எல்லாத் திசையிலும் ஒரே அடர்த்தியில் இராது. மழை ஓய்ந்த இரவு பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

குழலைக் குளிர்சாதன அறையில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஆடி முழுக்க வேர்த்துவிடும். பெட்டியிலுள்ள, ஈரத்தை உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறியபின் திரும்ப வைக்கலாம்.

இருக்கும் ஒரே 6 மி.மீ. கண்வில்லையில் பூசணம் படர்ந்துவிட்டது. புதியது வாங்கச் செயலவை பரிந்துரைக்கிறது. அதற்குப் பதில் கண்வில்லையின் பெருக்கத்தை இரட்டிக்கும் பார்லோ வில்லை வேண்டாம்: 25 மி.மீ.யோடு 72 மடங்கு, போதாது, 10 மி.மீ.யோடு 180, காற்று அலையும் இரவில் உருவம் கலங்கும். பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்