மேல் மாகாண சபையின் காலிக் கதிரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன கிழமை தொலைபேசியில் பேசும்போது, "அண்ணா, உங்கள் ஏரியா எம்.எல்.ஏ. யார்?" என்று கேட்டான். தொகுதிக்கு ஒருவராக 234 பேர் இருக்கிற தமிழ்நாட்டில் அது சாதாரணக் கேள்வி. இலங்கையில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் எனக்குத்தான் பதில் வரவில்லை.

நம்மிடம் அதற்குக் கிட்டிய ஆள் மாகாண சபை உறுப்பினர். கொழும்பு அடங்கும் மேல் மாகாணத்தில் கடைசியாக 2014 மார்ச்சில் 104 பேர் தெரிவானார்கள். 2019 ஏப்ரலில் அவர்களுடைய காலம் முடிந்தது. அதோடு சரி, பிறகு தேர்தலே நடக்கவில்லை.

சபை இல்லாமல் என்ன குறைந்துவிட்டது என்று நானும் கேட்டவன்தான். 2018இல் அந்தச் சபைக்கு விலை கூடிய கதிரை வாங்கப் போய் எழுந்த சர்ச்சையை யார் மறப்பார்கள்? ஆனால் அரசியலுக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகள் எங்கே தொழில் பழகுவது? சந்திரிகா குமாரதுங்க 1993இல் இதே மாகாணத்தின் முதலமைச்சராக இருந்துவிட்டுத்தான் அடுத்த வருடம் பிரதமரும் ஜனாதிபதியும் ஆனார். கொழும்புத் தமிழ் அரசியல்வாதி மனோ கணேசனும் மாகாண சபை வழியாகப் பாராளுமன்றம் போனவர்.

இன்றைக்கு மாநகர சபையில் நன்றாக வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அடுத்த படி நேரே பாராளுமன்றம். அங்கே கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம்தான். மாகாண சபையில் அதே மாவட்டத்துக்கு 40 இருந்தது. அங்கேயும் விருப்பு வாக்குக்கு, அதாவது கட்சிப் பட்டியலில் நம் பெயருக்கு விழும் வாக்குக்கு, மாவட்டத்தின் கோடியிலுள்ள அவிசாவளை வரை அலைய வேண்டும்தான், ஆனால் இடம் கூட என்றபடியால் சிறிய கட்சிக்காரருக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது கையில் காசில்லாதவர் சுவரொட்டிச் செலவை நினைத்தே பின்வாங்கிவிடுவார்.

தடை எங்கே என்றால், 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்த கூத்து அது! எல்லை முடிவாகாததால் புதிய முறையில் தேர்தல் நடத்த முடியவில்லை. பழைய முறையிலேயே நடத்தச் சட்டத்தைத் திருத்தினால் போதும். அதைச் செய்யப் பாராளுமன்றத்துக்கு இவ்வளவு காலமா?

தம்பியிடம், இங்கே மாகாணத்தை ஆளுநர்தான் பார்க்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன். "அவர் எந்தத் தொகுதியில் ஜெயித்தவர்?" என்று கேட்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழும்பு 13