சுபாவம்னு சொல்லி முடிச்சிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அதிகாரத்தைப் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் போச்சு, கடைசில "பதவி வந்தா எந்த மனுஷனும் இப்படித்தான், அது சுபாவம்"னு முடிச்சிருந்தீங்க பாருங்க, அதுல இருந்து எனக்கு மனசு ஆறல. கவுண்டர்ல உக்காந்து ஆளை வெரட்டுறவனுக்கு நீங்களே சர்டிபிகேட் எழுதிக் குடுத்துட்டீங்க, ரொம்ப நன்றி.

எங்க பக்கம் ஒரு ஆபீஸ். பேரு வேண்டாம், நாளைக்கும் நான் அங்கதான் போய் நிக்கணும். டோக்கன் குடுக்குற தற்காலிகப் பையன் எங்க வீட்டு முற்றத்துல கெடந்து வளந்தவன், என்னை மாமான்னுதான் கூப்பிடுவான். கழுத்துல ஐடி கார்டு ஏறின அன்னைக்கு "பெரியவரே, அங்கோட்டு மாறி நில்லும்"ங்கான். வயசான அம்மச்சி ஒருத்தி பட்டாவுக்காக கால் கடுக்க நிக்காவ, உள்ள சேர் சும்மா கெடக்கு, கேட்டா அது ஸ்டாஃபுக்காம். அப்போ நாங்க எழுதினது சரிதானேன்னு சிரிப்பீங்க. சிரிங்க. நடுவுல ஒரு மேடம் வந்தாங்க, காலையில வந்ததும் வெளிய வந்து யாரு எதுக்கு வந்திருக்கியன்னு அவங்களே கேப்பாங்க. அதே பையன், அதே ஐடி கார்டு, சேரைத் தூக்கிட்டு வந்து போட்டான், என்னையும் மறுபடி மாமான்னான். மேடத்துக்கு டிரான்ஸ்பர் வந்துது, நான் திரும்பவும் பெரியவர் ஆயிட்டேன். இதுல சுபாவம் எங்க இருக்கு சாரே? மேல இருக்கிறவங்க எதைக் கண்டுக்க மாட்டாங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும், அவ்வளவுதான்.

நீங்க ஆதாரம் காட்டின அமெரிக்க சோதனை, 1971ல ஸ்டான்ஃபோர்ட்ல காலேஜ் பசங்களைப் பாதிப்பேரு கைதி, பாதிப்பேரு வார்டன்னு பிரிச்சு விட்டது, ரெண்டு வாரம்னு ஆரம்பிச்சு ஆறே நாள்ல நிறுத்தினது. பசங்க தானாவே கொடூரமா மாறிட்டாங்கன்னு எழுதிட்டீங்க. எனக்க பேத்தி சைக்காலஜி படிக்கா, அவ சொன்னா, கொஞ்சம் சாதுவா இருந்த வார்டன் பையனை நீ இன்னும் முரட்டா இருக்கணும்னு நிர்வாகத்து ஆளே தூண்டி விட்ட ரெக்கார்டிங் எல்லாம் வெளிய வந்து வருஷக்கணக்காச்சாம். நடத்தின புரொஃபசர் சிம்பார்டோவே அந்த ஜெயிலுக்கு சூப்பிரண்டா இருந்திருக்காரு. இவ்வளவு தூண்டியும் எல்லா வார்டனும் ஒண்ணு போல ஆட்டம் போடல, கைதிகளுக்கு உதவி பண்ணினவனும் இருந்திருக்கான். உங்களுக்குத் தெரியாததா? தெரிஞ்சும் விட்டுட்டீங்க.

அதிகாரம் என்ன பண்ணும்னு எங்க ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1954 ஆகஸ்ட் 11, தமிழ்நாட்டோட சேரணும்னு கெளம்பின ஜனங்களை மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டுது. அப்போ எங்க ஊரு இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கு முதலமைச்சரா இருந்த பட்டம் தாணு பிள்ளை, ராஜா ஆட்சியில திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்துல போராடி ஜெயிலுக்குப் போனவரு! இதைப் போட்டிருந்தா உங்க கட்டுரைக்கு இன்னும் ஜோரா இருந்திருக்கும். ஆனா அவரோட சொந்தக் கட்சிப் பொதுச்செயலாளர் லோகியா, நம்ம ஆட்சின்னும் பாக்காம மந்திரிசபை ராஜினாமா பண்ணணும்னு சொன்னாரே, அதை எந்த சுபாவத்துல சேப்பீங்க?

அன்னைக்கு செத்தவங்களைப் பத்தி உங்க பத்திரிகைல ஒரு வரி நான் பாத்ததில்ல. எங்க மாவட்டம்னா உங்களுக்கு சூரிய உதயமும் வள்ளுவர் சிலை போட்டோவும்தான், மிஞ்சிப் போனா திற்பரப்பு அருவி. ரப்பர் விலை பத்தி எழுதினேன், போடல. பஸ் பத்தி எழுதினது வந்துது, ஆனா முக்கியமான பாதியை வெட்டிட்டு, மிச்சத்துல ஏதோ நான் டிரைவரைப் பாராட்டின மாதிரி ஆக்கிட்டீங்க. ஏன்னு கேட்டு கார்டு போட்டேன், அதுக்கும் பதில் இல்ல. உங்க மேஜைக்கும் அந்தப் பையன் மேஜைக்கும் என்ன வித்தியாசம்னு நான் கேக்கல, மரியாதை தெரிஞ்ச ஆளு.

கேக்குறது சின்ன விஷயம்தான். அந்த சோதனைல தூண்டுதல் இருந்ததுன்னு அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க, கடைசிப் பக்கத்து மூலைல ஆனாலும் சரி. இந்த லெட்டரை வெட்டித்தான் ஆகணும்னா பஸ் விஷயத்தை எடுத்துருங்க, அம்மச்சி நின்னதை மட்டும் எடுக்காதீங்க.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
விளவங்கோடு தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்