ஆறு அங்குலக் கண்ணாடி: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தொலைநோக்கிக் கண்ணாடி முடிந்தது. விட்டம் 6 அங்குலம், குவியத்தூரம் 60 அங்குலம். 3 மாதம் தாமதம், உண்மைதான்.

இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவே பொடி போட்டுத் தேய்த்தால் மேல் வட்டில் குழி விழும், அதுதான் தொலைநோக்கிக் கண்ணாடி. 80 நம்பர் கார்பொரண்டம் பொடியில் (தேய்க்கும் பொடி, நம்பர் ஏற ஏற நைசு) குழி விழுந்தது. நடுவில் 0.95 மி.மீ. ஆழம் வேண்டும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்து நிறுத்தினோம். 120, 220, 320 வரிசையாக முடிந்தன.

400இல்தான் வினை. தேய்க்கும்போது கிரீச்சென்று ஒரு சத்தம். கழுவிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், பக்கத்தில் இரண்டு குட்டிக் கீறல்கள். கீழ் வட்டின் ஓரத்தில் அரிசி நொய் அளவு சில்லு பெயர்ந்திருந்தது. இரண்டு வட்டுக்கும் ஓரத்தைச் சாய்வாக மழுக்கித் தரச் சொல்லித்தான் கண்ணாடி அறுப்பவரிடம் கூலி பேசியிருந்தோம். போய்க் கேட்டதற்கு, “மழுக்கித்தான் குடுத்தேன், நீங்க தேய்ச்சதுல போயிருக்கும்” என்றார். தேய்க்கத் தேய்க்க அந்தச் சாய்வு கரையும், அவ்வப்போது சாணைக்கல்லால் புதுப்பிக்க வேண்டும். அதை நாங்கள் செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வட்டு வந்த அன்று எடுத்த போட்டோவிலேயே அந்த ஓரம் கத்தி மாதிரி நிற்கிறது. 4 முறை அலைந்தோம். கடைசியில் மீதிக் கூலியில் பாதியைக் கொடுத்து முடித்துக்கொண்டோம். பாதியை ஏன் கொடுத்தீர்கள் என்று சிலர், பாதியை ஏன் பிடித்தீர்கள் என்று சிலர். இரண்டு தரப்புக்கும் போட்டோ கோப்பில் இருக்கிறது.

கீறலோடு மேலே போகலாம், பார்வையில் தெரியாது என்றார் பொருளாளர். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் 220க்குத் திரும்பினோம். இத்தனை நாள் தேய்த்த கைகளுக்கு மனசு வரவில்லை.

அப்புறம், கோள வடிவம் போதுமா, பரவளையம் (நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வடிவம்) வேண்டாமா என்ற கேள்வி. இரண்டு கண்ணாடிகள் எல்லாத் திசையிலும் உரசிக்கொண்டே ஒட்டி நிற்க வேண்டுமென்றால் கோளம்தான் ஒத்துவரும். அதனால் அது கிட்டத்தட்ட தானாக வரும். பென்சிலால் கட்டம் போட்டுப் பத்து இழுப்பு தேய்த்தோம். நடுவிலும் ஓரத்திலும் கோடுகள் ஒரே அளவில் அழிந்திருந்தன. பரவளையமாக்குவது இனிமேல் கைப்பக்குவம், கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. குவியத்தூரம் இவ்வளவு நீளமாக இருந்தால் கோளத்தால் வரும் பிழை ஒளியின் கால் அலைநீளத்துக்குள், அதாவது பார்வையைக் கெடுக்காத அளவுக்குள், அடங்கிவிடும். குழாய் ஏன் 5 அடி, ஆட்டோவில் ஏறாதே என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

பிட்ச் (தார் போன்ற பிசின்), சீரியம் ஆக்சைடு (மெருகுப் பொடி) கொண்டு பாலிஷ், அலுமினியப் பூச்சு எல்லாம் ஆயிற்று.

பூச்சுக்கு முன் ஃபூக்கோ சோதனை, அதாவது கண்ணாடியின் வடிவம் சரியா என்று நிழலை வைத்துப் பார்ப்பது. 10 அடி தள்ளி, ஊசித்துளை விளக்கும் சவரப் பிளேடும். பிளேடை நகர்த்தியபோது கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் சாம்பல் பூத்து அணைந்தது. ஒரு பக்கம் முந்தவில்லை, ஓரம் பிந்தவில்லை. கோளம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். பார்த்த ஐந்து பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எண்ணெய் பீப்பாய் தந்த மெக்கானிக் அண்ணன், ஃபீலர் கேஜை இரவல் தந்து இன்னும் திருப்பிக் கேட்காத அவர் தம்பி, மொட்டைமாடி அறை தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், சனிதோறும் சுண்டல் அனுப்பிய அவர் வீட்டம்மா, குழாய்க்குச் சாயம் அடித்த பெயின்டர், பொடி வாங்கப் பணம் தந்து பெயர் வேண்டாமென்ற இருவர், எல்லோருக்கும் நன்றி.

அடுத்தது 8 அங்குலம் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்கு வேறு கமிட்டி பாருங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடித் திருப்பணிக் குழு