பழைய பங்களாவில் கட்டிங் மெஷினை எடுக்கும் முன்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பழைய மாளிகைகளைப் புதுப்பிக்கும் இன்ஜினியர்களுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் வணக்கம்.

நான் 30 வருஷமாக வயர்மேன். பழைய வீட்டுக்கு ஏசி எதற்கு, ஹீட்டர் எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை. ஆள் புழங்காத வீடு என்ன ஆகும் என்பதை ஓசூரில் கெனில்வொர்த் கோட்டையின் இடிபாட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வசதி இருந்தால்தான் ஜனம் குடியிருக்கும். என் சண்டையெல்லாம் ஒயர் பதிக்கச் சுவரை அறுக்கும் அந்தக் கட்டிங் மெஷினோடுதான்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பங்களா. இரண்டடி கனத்துக்குக் கருங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. கை வைத்தால் முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருக்கும். ஒயரைச் சுவருக்குள் மறைக்கும் கன்சீல்டு வயரிங்தான் வேண்டும் என்றார் காண்ட்ராக்டர். அதற்குச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியது நான்தான், மறைக்க மாட்டேன். பிளேடு கல்லில் பட்டுப் பொறி பறந்தது. ஓரங்குலக் காடிக்குச் சாண் அகலம் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. பைப்பைப் பதித்து, சிமென்ட்டால் அடைத்துவிட்டு வந்தோம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் காடி போன தடமெல்லாம் இருபுறமும் உப்பு பூத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். சிமென்ட் அதன் வாயை அடைத்துவிட்டது. ஈரம் பக்கத்துப் பூச்சு வழியாக வெளியேறும்போது உப்பையும் இழுத்து வந்துவிட்டது.

எங்கள் வாத்தியார் காலத்தில் தேக்கு ரீப்பரில் கிளிப் அடித்துச் சுவருக்கு மேலேயே ஒயர் ஓட்டினார்கள். விட்டத்து ஓரமாக, நிலைக்குப் பக்கவாட்டில். அந்தத் தடம் இன்றைக்கும் போதும். வெட்டியே தீர வேண்டுமென்றால் கல்லை விட்டுவிட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்பில் உளியால் கொத்துங்கள், சுண்ணாம்பாலேயே அடையுங்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைவுதான், ஆனாலும் தேடுங்கள். அதற்காகப் பழைய வீடு என்று எர்த் போடாமல் விட்டுவிடாதீர்கள். கரண்ட் கசிந்தால் சட்டென்று இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

இன்னொன்று, மொட்டை மாடி டேங்க். 1000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸில் அதை ஏற்றாதீர்கள். வீட்டுக்கு வெளியே ஸ்டாண்ட் போடுங்கள். ஏசி தண்ணீரும் சுவரடியில் சொட்டக் கூடாது, சாக்கடை வரை போகட்டும்.

வேலை தொடங்கும் முன் வயர்மேன், பிளம்பர், கொத்தனார் மூவரையும் ஒன்றாக ஒருநாள் வீட்டைச் சுற்றிப் பார்க்க விடுங்கள். அந்த ஒருநாள் கூலியைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள், நாங்கள் தனியாகக் கேட்டால் முகம் சுளிக்கிறீர்கள்.

காவேரிப்பட்டணம் பங்களாவில் இப்போது அந்தச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். உளியால்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி வயர்மேன் ஒருவன்