மூச்சை நம்பாதே, குதிகாலைக் கேள்

அன்புள்ள சேகருக்கு,

மார்ச் மாதம் நம்மூர் வேலூரில் நடக்கிற 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நீ பெயர் கொடுத்திருப்பதாக மருமகள் சொன்னாள். நல்ல காரியம்தான். 52 வயதில் ஓட ஆரம்பிக்கிறவன் எங்கே மாட்டிக்கொள்வான் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மூச்சு சீக்கிரம் பழகிவிடும். ஆறு வாரம் போனாலே இன்னும் வேகமாகப் போகலாம் என்று ஆசை காட்டும். தசையை எலும்போடு கட்டிவைக்கிற தசைநாண்கள், அதாவது குதிகாலிலும் முட்டியைச் சுற்றியும் இருப்பவை, அப்படியில்லை. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, பழக மாதக்கணக்கில் ஆகும், வயசுக்கு ஏற்ப இன்னும் தாமதமாகும். நன்றாக ஓடுகிறோம் என்று நினைக்கிற அந்த நாட்களில்தான் கால் போகிறது.

அதனால் வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் போதும், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை 4 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் அரையோ ஒன்றோ கூட்டு. நான்காவது வாரம் கால் பங்கைக் குறை. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைப் பார்த்து ஓடுவதானால் 220-இல் வயதைக் கழிக்கும் பழைய கணக்கு வேண்டாம். 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழி. உன் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 172 வரும். அதுவும் உத்தேசம்தான். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் சரி. எது எப்படியானாலும் முதலில் டாக்டரைப் பார்த்து பிரஷர், சுகர், இசிஜி எடுத்துவிடு. டிரெட்மில் சோதனையும் தேவையா என்று கேள்.

ஒரே ஒரு பயிற்சியை விடாதே. மாடிப்படி ஓரத்தில் முன்பாதத்தை வைத்து இரண்டு காலாலும் எம்பு. பிறகு ஒற்றைக் காலில் மூன்று விநாடி எடுத்துக்கொண்டு குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கு. முட்டியை நிமிர்த்தி 15 தடவை, லேசாக மடக்கி 15 தடவை. இரண்டு காலுக்கும் செய். முதல் வாரம் ஒரு சுற்று, போகப்போக மூன்று. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகால் பிடித்துக்கொண்டு சில நிமிடத்தில் விட்டுவிட்டால் தூரத்தைக் குறைத்தால் போதும். ஓட ஓட வலி கூடினால் ஓட்டத்தையே நிறுத்து. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

மழைத்தண்ணீர் வடிய ரோடு ஓரத்தில் சரிவாகத்தான் இருக்கும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரத்திலேயே தினமும் ஓடினால் வலது கால் எப்போதும் தாழ்வாக விழும். கொஞ்ச நாளில் முட்டியின் வெளிப்பக்கம் வலி வரும். வாரத்தில் ஒரு நாளாவது மைதானத்தில் ஓடு.

சென்னையில் ஓடிப் பழகியவனுக்கு வேலூர் வெயில் வேறு மாதிரி. அங்கே வியர்வை உடம்பிலேயே நிற்கும். இங்கே மார்ச்சில் காற்று வறண்டு, வியர்வை காய்வது தெரியாது. சட்டையில் வெள்ளைக் கோடு தெரியும்போதுதான் உப்பு போனது புரியும். பாதை காட்பாடி பக்கம் திரும்பினால் பாலாற்றுப் பாலத்தில் நிழலே இருக்காது. தாகத்துக்குக் குடி. பயந்து லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அது வேறு ஆபத்து. ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டைச் சின்ன பாட்டிலில் கொட்டினால் வயிற்றைக் கலக்கிவிடும்.

ஓட்ட நாளில் புது ஷூ, புது சாக்ஸ் எதுவும் கூடாது. கட்டைவிரல் முன்னால் ஒரு விரல் அகல இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி சாப்பிடு, சாம்பார் வேண்டாம். நெஞ்சில் குத்தும் எண் அட்டையான பிப்பிலேயே நேரம் குறிக்கும் சிப் ஒட்டியிருந்தால் மடிக்காமல் நான்கு மூலையிலும் ஊக்கு குத்து. சிப் நேரம் நீ தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் ஆரம்பிக்கும், அதனால் முன்வரிசைக்கு முண்டியடிக்காதே. கல்லூரிப் பசங்க முதல் கிலோமீட்டரில் பறப்பார்கள், பறக்கட்டும். நீ உன் வழக்கமான வேகத்தைவிட 20 விநாடி மெதுவாகப் போ. மேம்பாலம் ஏறும்போது அடியைக் குறுக்கு. இறங்கும்போது கால் நீட்டி வைத்தால் தொடையும் முட்டியும் பிடித்துக்கொள்ளும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வெயிலில் குளிர் நடுக்கம், இதில் எது வந்தாலும் நின்று அங்கிருக்கும் தொண்டரைக் கூப்பிடு. முடித்ததும் சட்டென்று உட்காராதே, ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். பத்து நிமிடம் நட.

சனிக்கிழமை மதியத்துக்குள் காட்பாடியில் இறங்கிவிடு. பிப் வாங்க அடையாள அட்டை கேட்பார்கள், எடுத்து வா. அன்று ராத்திரி ரசம் சாதம்தான். ஆம்பூர் பிரியாணியை ஞாயிறு மதியம் பார்த்துக்கொள்ளலாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நைனா